இருபது கைகள்

பொம்மையைக் குளிப்பாட்டச் சொன்னது பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள். மன்னார் பட்டினத்தில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நடந்த தாதி உதவியாளர் வகுப்பு அது. பதினெட்டுப் பேர் படித்தார்கள். பதினேழு பேரும் இருபதை ஒட்டிய பிள்ளைகள். மிச்சம் ஒருத்தி மதலேனா. சிப்பிவாடியிலிருந்து பஸ் ஏறி வருகிறவள், வயது நாற்பத்தியொன்று.

ஆள் உயர றப்பர் பொம்மை ஒன்று கட்டிலில் கிடந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளியை நனைக்காமல் எப்படித் துடைப்பது என்று யதுர்சிகா மிஸ் செய்து காட்டிவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பிள்ளைகள் பொம்மையைத் தொட்டதும் சிரித்தார்கள். ஒருத்தி கட்டிலோடு சேர்த்துக் குளிப்பாட்டினாள். மதலேனாவின் முறை வந்ததும் சிரிப்பு அடங்கியது. முகம், கழுத்து, காதின் பின்புறம், அக்குள் என்று அவள் துடைத்துக்கொண்டு போன விதத்தில் ஒரு சொட்டு மெத்தையில் விழவில்லை. ஒற்றைக் கையால் பொம்மையைச் சரித்து முதுகைத் துடைத்தாள்.

"பாருங்கோ பிள்ளையள், இப்பிடித்தான்" என்றாள் மிஸ்.

மதலேனா நிறுத்தவில்லை. பொம்மையின் கால்களை நேராக்கினாள். மேசையில் இருந்த காயத்துணிச் சுருளில் ஒரு சாண் கிழித்து இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டினாள். கைகளை எடுத்து நெஞ்சின்மேல் குறுக்காக வைத்தாள். பிறகு உள்ளங்கையால் கண்களை மூடினாள். பொம்மைக்குக் கண் மூடாது. திரும்பவும் தடவினாள். மூன்றாம் தரமும் அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தபோதுதான், தன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது.

யதுர்சிகா மிஸ் கிட்ட வந்து அவள் கையைப் பிடித்தாள். மிஸ் அடம்பனில் வயல்காரர் வீட்டுப் பிள்ளை, இருபத்தேழு வயதுதான்.

"மதலேனாக்கா, இவ இன்னும் உயிரோட இருக்கிறா" என்றாள் மெல்ல.

சிப்பிவாடியில் யார் செத்தாலும் கழுவித் துடைத்து உடுப்புப் போட்டு, வாய்க்கட்டும் கால்கட்டும் கட்டி, கைக்குள் செபமாலை வைப்பது மதலேனாதான். பத்தொன்பது வருடமாக அதுதான் வழக்கம். அவளை யாரும் அந்த வேலைக்கு வைக்கவில்லை. இருபத்திரண்டு வயதில், கடலில் மூன்று நாள் கிடந்து வந்த ஒருவரைத் தொட ஊரே தயங்கிய நேரம், அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பயமில்லாதவள் என்று பேர் வந்தது. ஒரு வேலையை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் அது தலையில் கட்டப்படும் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான சட்டம்.

படிக்கப் போன காரணம் அவள் புருசன் அம்புறோஸ். கடலட்டைக்குச் சுழியோடப் போனவன், காற்றுப் போதாமல் அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. மூன்று வருடமாகக் கட்டிலில்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அவனைப் புரட்டிப் படுக்க வைப்பாள். கிளினிக்கில் அவன் முதுகைப் பார்த்த தாதி, "ஒரு புண்கூட இல்லையே, நீங்கள் எங்க படிச்சனீங்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் மதலேனாவை மாடிப்படி ஏற்றியது. மகள் டிலோஜினி பள்ளிக்கூடத்தில் ஏஎல் படிக்கிறாள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவள் அவள்.

ஊருக்குப் போய்ச்சேர பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கும். பொம்மையின் கதை அதற்கு முன்னரே போய் இறங்கிவிட்டது. இறால் காயவைக்கும் இடத்திலும் தண்ணீர்க் குழாயடியிலும் ஒரே பேச்சு. பெரிய கட்டிடத்துக்குப் படிக்கப் போனவள் அங்கேயும் பிணம் ஆக்கிவிட்டு வந்தாளாம்.

அடுத்த கிழமை வகுப்பில் நாடித்துடிப்பு எண்ணப் பழக்கினார்கள். இருவர் இருவராகப் பிரியச் சொன்னபோது மதலேனாவின் பக்கத்துக் கதிரை காலியாகவே கிடந்தது. கடைசியில் தாராபுரத்து றிப்கா வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"பிடிங்க அக்கா. எங்கட மாமியும் ஆரும் செத்தா மையித்துக் குளிப்பாட்டுறவ. அவ கையாலதான் நாங்க தினம் சோறு திங்கிறம்."

"பெருவிரலால பிடியாதையுங்கோ" என்றாள் மிஸ் எல்லோருக்கும். "பெருவிரலுக்குள்ள உங்கட நாடியே அடிக்கும். செத்தவரைப் பிடிச்சாலும் உயிர் இருக்கிறமாதிரித் தெரியும். நடு ரெண்டு விரலால பிடியுங்கோ. கையில கிடைக்காட்டிக் கழுத்தில பாருங்கோ."

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். இருபது கோடுகள். சொந்த ஊரில் இருபது பேருக்கு ஒரு முழு நிமிடம் எண்ணி எழுதி, அவர்களின் கையெழுத்து வாங்க வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை வகுப்பில்லை. வெள்ளிக்கிழமை தாள் நிரம்பாதவர் வார்ட்டுக்குப் போக முடியாது. அடுத்த அணியில்தான் இடம், அது அடுத்த வருடம்.

"முதல்ல என்னைப் பிடிச்சு எழுது" என்றான் அம்புறோஸ்.

"ஊராக்களை எடுத்துப்போட்டு வாறன். வீட்டுக்காரரை வைச்சு நிரப்பினது எண்டு மிஸ் நினைக்கக்கூடாது" என்றாள் அவள். கொஞ்சம் வீம்பு உண்டு அவளிடம்.

பாஸ்கா திருநாளுக்கு முன் நாற்பது நாள் நோன்பு பிடிக்கும் தபசுகாலம் அது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. ஊருக்கு மேற்கே வரிசையாக நிற்கும் காற்றாலைகள் மட்டும் மெல்லச் சுற்றின. வெயில் சரியும் நேரத்தில் அவற்றின் இறக்கை நிழல் கடற்கரையில் தொடங்கி, வேலிகளைக் கடந்து, முற்றங்களைக் கூட்டிக்கொண்டு போகும். தெருவில் நின்ற கழுதைகள்கூட நிழல் வரும்போது காதைச் சாய்த்தன.

திங்கட்கிழமை பயிற்சிக்காரரின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மதலேனா முதல் படலையைத் திறந்தாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். சுளகு கையிலிருந்து நழுவியது.

"ஆருக்கு?" என்றாள்.

பத்தொன்பது வருடமாக மதலேனா தெருவில் இறங்கினால் ஊர் கேட்கிற கேள்வி அதுதான். யாருக்காக வந்தாய்?

"ஒருத்தருக்கும் இல்லை அக்கா. படிப்புக்கு. கையை ஒருக்காத் தந்தீங்கள் எண்டால்..."

"ஐயோ, சின்னவன் நித்திரை. பிறகு வா."

அடுத்த வீட்டில் அவள் படலையைத் தொடுமுன் யாரோ சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். அதற்கடுத்த வீட்டுக் கிழவருக்கு அவளைக் கண்டதும் இருமல் வந்துவிட்டது. அவருடைய மகள், "அப்பா சுகமாத்தான் இருக்கிறார், அவரை விடுங்கோ!" என்று அழுதே விட்டாள். அலெக்ஸாண்டர் வலை பொத்திக்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர், அவளோடு எப்போதும் பகிடி விடுகிறவர். அவரும் கையை வலைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீ தொடுற முறை எனக்கு ஒண்டுதான் இருக்கு. அதை இப்பவே செலவழிக்கேலாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று முழுவதும் அந்தச் சொல் அவளுக்கு நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை லோறன்ஸ் சம்மாட்டி வீட்டுக்குப் போனாள். மூன்று வள்ளம் வைத்திருக்கிற வீடு. சம்மாட்டியின் மனைவி றெஜினா மாமி ஐம்பத்தெட்டு வயதிலும் நிமிர்ந்து நடக்கிறவர். ஒருவர் கொடுத்தால் ஊர் கொடுக்கும் என்று மதலேனா நம்பிப் போன வீடு அது. மாமி அவளை உட்கார வைத்துப் பாணும் தேத்தண்ணியும் கொடுத்தார். கையை மட்டும் கொடுக்கவில்லை.

"எனக்குப் பயமில்லைப் பிள்ளை. தபசுகாலம் கழியட்டும். பாஸ்கா முடிஞ்சு வா, ரெண்டு கையும் தாறன்."

"எனக்கு வெள்ளிக்கிழமை தாள் குடுக்கவேணும் மாமி."

"அதுக்கு நான் என்ன செய்ய? புதனும் வெள்ளியும் ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாடுதான். களைச்ச உடம்பு. இதுக்குள்ள நீ வந்து கையைப் பிடிச்சாய் எண்டு தெரிஞ்சா மோன் றோய் கடலுக்குப் போகான்."

வீட்டுக்கு வந்து தாளை அலுமாரிக்குள் வைத்தாள். இருபது கோடும் வெறுமையாக இருந்தன. ஊரைக் கோபிக்கவும் அவளால் முடியவில்லை. எல்லா வீட்டிலும் ஒருதரமாவது அவள் வாளியோடு போயிருக்கிறாள். போன வீட்டில் எல்லாம் அழுகுரல். அவர்கள் கண்ணுக்கு அந்தக் கை வேறு எப்படித் தெரியும்?

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கோவில் மணி அடித்தது. இரண்டு அடி, ஓர் இடைவெளி, பிறகும் இரண்டு. பெண் ஒருத்தி போய்விட்டாள் என்று அர்த்தம். சற்று நேரத்தில் கிருஷிகா மூச்சு வாங்க ஓடிவந்தாள். சம்மாட்டி வீட்டுக்குப் பக்கத்து வீடு, முன்பள்ளி ரீச்சர்.

"அக்கா, றெஜினா மாமி! கிணத்தடியில விழுந்து கிடந்தவ. உடம்பு ஐசாப் போச்சு. மூக்கில விரல் வைச்சுப் பாத்தம், மூச்சு இல்லை. மாமாவும் றோயும் கடலில."

மதலேனா அசையாமல் நின்றாள். நேற்றுத் தேத்தண்ணி தந்த கை அது. கேட்டது கொடுக்காத கை.

"இனி நான் இதுக்குப் போகேல்லை எண்டு நினைச்சனான்" என்றாள் அம்புறோஸிடம்.

"நீ போகாட்டி ஆர் போறது? போ" என்றான் அவன்.

அறைக்குள் மெழுகுதிரி ஏற்றிவிட்டார்கள். மாமியைக் கட்டிலில் கிடத்தித் தலைமாட்டில் பாடுபட்ட யேசுவின் சுரூபம் வைத்திருந்தார்கள். வழக்கப்படி பெண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் ஊற்ற கிருஷிகாவை மட்டும் நிறுத்திக்கொண்டாள் மதலேனா. வெளியே ஒப்பாரி தொடங்கியிருந்தது. மணி நிற்காமல் அடித்தது. வாய்க்கட்டுக்குத் துணியைக் கிழித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். உலர்ந்த துணியால் மாமியின் நெற்றியைத் துடைத்தாள்.

நெற்றி திரும்ப நனைந்தது.

துடைத்தாள். மூக்கின் இரண்டு பக்கமும், மேலுதட்டிலும் பொட்டுப் பொட்டாக ஈரம் எழும்பியது.

"கிருஷிகா, தண்ணியைக் கொஞ்சம் மெல்ல ஊத்து" என்றாள்.

"அக்கா..." கிருஷிகா மூலையைக் காட்டினாள். "நான் இன்னும் ஊத்தவே இல்லை."

வாளி நிரம்பியபடி மூலையில் இருந்தது. இருவரும் அந்த வாளியைப் பார்த்தார்கள். பிறகு மாமியின் முகத்தைப் பார்த்தார்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் முகம் முழுவதும் மினுங்கியது. மதலேனா பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு பிணத்துக்குப் பயந்தாள்.

மணிக்கட்டைப் பிடித்தாள். ஒன்றும் இல்லை. கழுத்தில் வைத்தாள். ஏதோ ஓடியது. பெருவிரலோ என்று கையை எடுத்துப் பார்த்தாள். இல்லை, நடு இரண்டு விரல்கள்தான். திரும்பவும் வைத்தாள். மெல்லியதாக, எண்ண முடியாத வேகத்தில் அது அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு மேலால் கோவில் மணியும் அடித்தது.

கதவைத் திறந்தாள்.

"மணியை நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

சம்மாட்டியின் தங்கைதான் முதலில் எழும்பினாள்.

"மதலேனா, செத்த வீட்டில வந்து உன்ர படிப்பைக் காட்டாதை!"

"மாமி வேர்க்கிறா. செத்தவைக்கு வேர்க்காது. காலமை என்ன சாப்பிட்டவ?"

"இண்டைக்குப் புதனெல்லோ, ஒருசந்தி. பச்சைத் தண்ணியும் இல்லை."

"சீனி வருத்தத்துக் குளிசை?"

"அது போட்டவ. மருந்து ஒருசந்தியை முறிக்காது எண்டு ஒரு நாளும் விடமாட்டா."

சாப்பிடாமல் சீனிக் குளிசை போட்டால் இரத்தத்தில் சீனி இறங்கி ஆள் செத்தவர்போலக் கிடப்பார் என்று வகுப்பில் கேட்டது மதலேனாவுக்கு ஞாபகம் வந்தது. "அம்புலன்சுக்கு அடியுங்கோ. சீனி கொண்டுவாங்கோ, கெதியா!"

யாரோ சீனித் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்து மாமியின் வாயில் ஊற்றப் பார்த்தார்கள். மதலேனா குவளையைத் தட்டிவிட்டாள். நினைவில்லாதவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று மிஸ் சொல்லியிருந்தாள். மாமியைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்தாள். ஈரச் சீனியை விரலில் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தேய்த்தாள். திரும்பத் திரும்பத் தேய்த்தாள். மற்றக் கை கழுத்தைவிட்டு எழும்பவில்லை. ஒப்பாரி நின்றுவிட்டது, ஆனால் மணிக்காரருக்கு ஆள் போய்ச் சேரவில்லை. அதனால் மாமிக்கான துக்கமணி மாமியின் தலைக்குமேல் அடித்தபடியே இருந்தது.

அம்புலன்ஸ் வந்து ஊசி ஏற்றினார்கள். முற்றத்தைத் தாண்டும்போது மாமி கண்ணைத் திறந்தார். சுற்றி நின்ற கூட்டத்தையும் எரிகிற மெழுகுதிரியையும் மதலேனாவின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டையும் பார்த்தார்.

"ஆருக்கு?" என்று கேட்டார்.



வியாழக்கிழமை விடிந்ததும் றோய் ஒரு பெரிய கட்டா மீனோடு வந்தான். தாய் ஆஸ்பத்திரியில் பாண் கேட்டுச் சண்டை பிடிக்கிறாராம். முற்றத்தில் முழங்காலில் இருந்து அழுதான். அழுது முடித்துக் கையை நீட்டினான். மதலேனா எண்ணினாள், எழுதினாள். முதல் கோடு நிரம்பியது. அவளுக்குச் சந்தோசத்தில் எழுத்துக் கோணிப்போயிற்று.

அவன் போகும்போது படலைக்கு வெளியே பூவரச மரத்தடியில் ஆட்கள் நின்றார்கள். இன்று தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஊரே வந்திருந்தது. ஆனால் கூட்டமாக உள்ளே வரவில்லை. ஒருவர் போய் வந்த பிறகே மற்றவர் வந்தார், பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதுபோல.

முதலில் கிருஷிகா. கையை நீட்டிவிட்டு நிலத்தைப் பார்த்தாள்.

"அக்கா, போன வருசம் எங்கட அம்மாவை நீங்கள்தானே... அண்டைக்கு அம்மாவின்ர கையைப் பிடிச்சுப் பாத்தனீங்களோ?"

மதலேனாவின் வாயில் எண்ணிக்கை நின்றுவிட்டது. பார்க்கவில்லை. யாருக்கும் பார்த்ததில்லை. சிப்பிவாடியில் அதைப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. வீட்டார் அழுதால் மணி அடிக்கும், மணி அடித்தால் அவள் வாளியோடு போவாள். மூக்குக்குப் பஞ்சு வைப்பது அவள் கை.

"பாத்தனான் பிள்ளை."

"ஒண்டும் இருக்கேல்லையோ?"

"ஒண்டும் இருக்கேல்லை. நல்லாப் பாத்தனான்."

கிருஷிகா பெருமூச்சு விட்டாள். விரலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த நாடி மெல்ல மெல்ல இறங்கியது. மதலேனா மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

அடுத்து அலெக்ஸாண்டர் வந்தார். பகிடி ஒன்றும் இல்லை.

"எங்கட ஆள் போன அண்டைக்கு, அக்குளுக்க இன்னும் சூடு கிடக்கு எண்டு நீ ஒரு கதை சொன்னனீ. ஞாபகமிருக்கோ?"

"அது கொஞ்ச நேரம் கிடக்கிறதுதான் அண்ணை. மிஸ்ஸும் சொன்னவ."

"கையைப் பாத்தனீயோ?"

"பாத்தனான்."

"சத்தியமா?"

"மாதாவாணை."

அவர் நம்பினார். நம்பாமல் வேறு என்ன செய்வார்? கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

அன்று மத்தியானம் வரை ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். தகப்பனைப் பற்றிக் கேட்டார்கள், தங்கையைக் கேட்டார்கள். ஒரு பெண் ஏழு நாள் குழந்தையைக் கேட்டாள். மதலேனா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். பொய் சொல்லச் சொல்லக் குரல் தெளிந்து, ஒரு தாதியின் குரல்போலவே ஆகியது. உள்ளே மட்டும் ஒவ்வொரு முகமாகத் திரும்ப வந்தது. அவள் கழுவித் துடைத்த நாற்பத்தியேழு முகங்கள். எல்லோரும் செத்தவர்கள்தான் என்று அவளுக்குத் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தெரியும். மிஞ்சிய அந்த ஒன்று யாருடைய முகத்தில் போய் ஒட்டும் என்பதுதான் தெரியவில்லை.

வெயில் சரிந்தபோது பூவரசடியில் யாரும் இல்லை. டிலோஜினி தாளை வாங்கி எண்ணினாள்.

"பத்தொன்பது அம்மா. ஒண்டுதான். என்ர கையைப் பிடியுங்கோ."

"பதினெட்டு வயது முடியவேணும் மோள். உனக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு."

"அப்ப என்னைப் பிடி" என்றான் அம்புறோஸ் கட்டிலில் இருந்தபடி. "வீம்பு எல்லாம் இனிப் போதும்."

டிலோஜினி மீனை வெட்ட வெளியே போனாள். மதலேனா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் கையை மடியில் வைத்தாள். காலையிலிருந்து முற்றத்தில் நடந்த பேச்செல்லாம் யன்னலால் அவன் காதில் விழுந்திருக்கும். ஒவ்வொருவர் கேட்டதும், அவள் சொன்னதும்.

எண்ணத் தொடங்கினாள். இருபது, இருபத்தொன்று. ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காற்றாலையின் நிழல் யன்னலால் உள்ளே வந்து, கட்டிலைத் தாண்டிச் சுவரில் ஏறிப் போனது. அவன் வாய் திறந்தது, மூடியது. அவள் விரலுக்குக் கீழே நாடி வேகமெடுத்தது.

அவனுடைய தாய் செத்து ஏழு வருடம். அப்போது அவன் நல்ல கால்களோடு கடலில் இருந்தான். கரைக்கு வந்தபோது பெட்டி மூடியாயிற்று. அதுவும் ஒரு தபசுகாலம். கிழவிக்கும் சீனி வருத்தம் இருந்தது. குளிப்பாட்டியது மதலேனா.

அவன் கேட்கவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. ஊருக்குச் சொன்ன பதில் அவள் நாக்கில் தயாராக இருந்தது. சொன்னால் நம்புவான். மூன்று வருடமாக அவள் புரட்டிப் போட்ட உடம்பு அது. அவள் பொய் சொன்னால் அவன் அதை வாங்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பான், தன் பாட்டில், இரவும் பகலும். அதை அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது.

"நான் பாக்கேல்லை" என்றாள்.

விரலுக்குக் கீழே அடித்துக்கொண்டு ஓடியது.

"உங்கட அம்மாவின்ர முகத்தைத் துடைக்கத் துடைக்க ஈரமாத்தான் வந்தது. நான் ஊத்தின தண்ணி எண்டு நினைச்சன் அம்புறோஸ். அப்பிடித்தான் நினைச்சன்."

வெளியே டிலோஜினி மீனின் செதிலைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அம்புறோஸ் கண்ணை மூடினான். கண்ணோரத்தால் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. அவள் துடைக்கக் கையைக் கொண்டு போனாள். கொண்டுபோன கை நெற்றிக்கு மேலே நின்றுவிட்டது. இறக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அவன் மற்றக் கையால் அந்தக் கையை எட்டிப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். நெடுநேரம் அப்படியே வைத்திருந்தான். அவளுடைய மற்றக் கை அவன் நாடியை முதலிலிருந்து எண்ணியது.

"எத்தினை?" என்று கேட்டான் பிறகு.

"நூற்றிப் பன்னிரண்டு."

"எழுது" என்றான் அம்புறோஸ்.